மாமாவின் பொக்ஸ்

ஒலிபெருக்கிச் சத்தத்தைக் குறைக்கும்படி இந்த வாரம் எங்கள் வீதியில் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். ஓட்டோவின் கூரையில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர். காலை ஆறரை மணி. "பொதுமக்களின் அமைதிக்கு" என்பதுவரைதான் விளங்கியது. பிறகு வந்தது தமிழா சிங்களமா என்றே தெரியவில்லை. கர்ர், கொர்ர், நடுவில் ஒரு கீச்சு. எதிர்வீட்டு ஆச்சி மரக்கறி வண்டி வந்துவிட்டதாக நினைத்துக் கூடையோடு படியிறங்கிவிட்டார்.

சட்டம் புதிதல்ல. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. விசேடங்களுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. கோயிலா, பள்ளிவாசலா, விகாரையா, யாருடைய சத்தம் பெரியது என்ற வழக்குக்குள் நான் போகப் போவதில்லை. மாத்தளையில் அந்த வாக்குவாதத்துக்கு ஆள் பஞ்சமே கிடையாது. என் முறைப்பாடு வேறு. நம்மைத் துரத்துவது சத்தத்தின் அளவல்ல, பராமரிக்காத பெட்டி. பிய்ந்த கூம்பு, தளர்ந்த ஆணி, அதிர்கிற பின்பலகை. இவற்றோடு எவ்வளவு மெதுவாகப் பாடவிட்டாலும் காது கூசும். ஒழுங்கான பெட்டியில் அதைவிட உரக்க வந்தாலும் ஆச்சி கூடையைத் தூக்க மாட்டார்.

இதை இவ்வளவு அடித்துச் சொல்வதற்குக் காரணம், எங்கள் விறாந்தையில் கிடக்கிற சின்ன மாமாவின் கிட்டார் ஸ்பீக்கர் பொக்ஸ்.

மாமாவின் இசைக்குழுவைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பும் எழுதியிருக்கிறேன். குழுவின் பெயரை மட்டும் அச்சில் போடக் கூடாது என்பது அவருடைய கட்டளை. அது அப்படிப்பட்ட பெயர். கிளாரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்டோன்ஸ் 1966இல் கிளம்பிய பிறகு இலங்கையில் கிட்டார் தூக்காத இளவட்டம் குறைவு. தமிழில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் என்று பொப்பிசை பிடித்துக்கொண்டது. கலியாண வீட்டில் ஒரு மணித்தியாலம் சிங்களம், ஒரு மணித்தியாலம் தமிழ், சாப்பாட்டுக்குப் பிறகு பைலா. இதுதான் மாமாவுடைய குழுவின் நிகழ்ச்சிநிரல்.

அது இறக்குமதிக் கதவு மூடியிருந்த காலம். 1977க்கு முன் வெளிநாட்டு ஆம்ப் ஒன்றை வாங்க நினைப்பவன் முதலில் தேயிலைத் தோட்டம் ஒன்றை வாங்க வேண்டும் என்பார் மாமா. ஆகவே வால்வு ஆம்பை ஒரு ரேடியோ திருத்துகிறவர் கட்டிக்கொடுத்தார். புறக்கோட்டையிலிருந்து பழைய 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு வந்தன. பெட்டியை ஒரு தச்சுப் பாஸ் செய்தார். பக்கங்களுக்கு நல்ல தடித்த ஒட்டுப்பலகை. பின்பக்கத்துக்குப் பலகை போதாமல் ஒரு தேயிலைப் பெட்டியை உடைத்துப் போட்டிருக்கிறார். கிந்தோட்டைத் தொழிற்சாலையில் அடித்துத் தள்ளிய மெல்லிய ஒட்டுப்பலகை. உள்பக்கம் இன்னும் கறுப்பு மையில் தோட்டத்து முத்திரையும் நிறையும் இருக்கின்றன. தேயிலை ஏற்றுமதியாகிவிட்டது, பெட்டி மாத்தளையிலேயே தங்கிவிட்டது.

இந்த இடத்தில் சிப்போர்ட் பற்றி ஒரு பந்தியாவது எழுதாவிட்டால் உக்குவளை வாசகர் கோபிப்பார். போன தடவை நான் என் சிப்போர்ட் அலுமாரியைத் திட்டியதற்கு அவர் மூன்று பக்கத்தில் ஆதரவுக் கடிதம் அனுப்பியிருந்தார். மரச்சீவலைப் பசையில் குழைத்து அழுத்திய சாமானுக்கு இந்த ஊர் ஈரம் எமன். ஒருமுறை தண்ணீர் குடித்தால் ஊதும், ஊதினது திரும்ப வற்றாது. ஆணி பிடிக்காது. பிடிக்காத ஆணியை இறுக்கினால் தூளாகக் கொட்டும். ஒட்டுப்பலகை அப்படியல்ல. ஓர் அடுக்கின் நார் நெடுக்காகவும் அடுத்த அடுக்கின் நார் குறுக்காகவும் ஓடுவதால் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஐம்பது வருஷம் நக்கிள்ஸ் பக்கத்துப் பனியைக் குடித்தும் மாமாவின் பொக்ஸ் மூலை விலகாமல் நிற்கிறது. என் அலுமாரி கதவு சாத்த மாட்டேன் என்கிறது. கடையில் "வெளிநாட்டுச் சாமான் சேர்" என்று தந்தார்கள். வெளிநாட்டில் மழை பெய்யாது போலும்.

பொக்ஸின் மேல் ஒட்டியிருந்த கறுப்பு ரெக்சின்தான் பாழாகிவிட்டது. பூஞ்சணம் பிடித்து, ஓரம் கிழிந்து, ஒரு மூலையை எலி தின்றிருந்தது. "அதுக்கு மேலயே புதுச ஒட்டிரு மருமகனே" என்றார் மாமா. ஓட்டோ சீட் தைக்கிற நானாவோ தலையை ஆட்டிவிட்டார். "பழசு கழராம புதுசு நிக்காது." அவர் சொன்னபடி சலூனில் இரவல் வாங்கிய தலைமுடி உலர்த்தியால் சூடு காட்டியதும் பழைய பசை இளகி, ரெக்சின் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. வினாகிரி தோய்த்த துணியால் பூஞ்சணத்தைத் துடைத்து வெயிலில் வைத்தோம். ஆணித் துவாரங்களுக்கு மரத்தூளும் வெள்ளைப் பசையும். பிறகு உப்புத்தாள், முதலில் முரடு, அப்புறம் மெல்லியது. பலகையில் ஒரு மேடு மிச்சமிருந்தாலும் ரெக்சின் அதை ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.

கிட்டார் பொக்ஸுக்கு ஓட்டோ ரெக்சினா என்று கொழும்பிலிருந்து வந்த ஒரு தம்பி சிரித்தார். அவருக்கு ஒரு சங்கதி. பெண்டர் கம்பனி ஐம்பதுகளில் ஆம்புக்குச் சுற்றியது பயணப்பெட்டிக்கு நெய்த பருத்தித் துணி. பிறகு மாறியது டோலக்ஸ் என்ற வினைல் துணிக்கு. அதுவும் துணியின் மேல் பிளாஸ்டிக் பூசியதுதான், நம் சீட் ரெக்சினுக்குச் சொந்தக்காரன். இந்தப் பெட்டிகள் ஆரம்பத்திலிருந்தே அடுத்த தொழில்காரனிடம் இரவல் வாங்கித்தான் உடுத்தி வந்திருக்கின்றன. நானாவின் கடைக்குப் போனது ஏழைக்கேற்ற எள்ளுருண்டை அல்ல, பரம்பரை வழக்கம்.

நானாவின் வேலையில் பார்க்க வேண்டியது மூலை. பலகையிலும் ரெக்சினின் முதுகிலும் பசையைத் தடவிவிட்டு அவர் தேத்தண்ணீர் கேட்டார். விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுவரை காத்திருக்க வேண்டும். தூறல் நாளில் இந்தப் பசையின் மேல் வெள்ளை பூக்கும், அப்போது ஒட்டினால் பின்னால் கொப்புளம் கிளம்பும் என்று வானத்தைப் பார்த்தார். இரண்டு பசையும் ஒருமுறை சேர்ந்தால் சேர்ந்ததுதான், இழுத்துச் சரிசெய்கிற பேச்சே இல்லை. நடுவில் வைத்து உள்ளங்கையால் ஓரத்தை நோக்கித் தேய்த்துக் காற்றைத் தள்ளினார். மூலைக்கு வந்ததும் இரண்டு பக்கத்து ரெக்சினையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்து, புது பிளேடால் சாய்வாக ஒரே கீறு. இரண்டு அடுக்கும் ஒன்றாக வெட்டுப்பட்டன. மேலே கிடந்த துண்டை எடுத்தார். ஓரத்தைத் தூக்கி அடியில் கிடந்த துண்டையும் எடுத்தார். பெருவிரலால் அமர்த்தினார். பொருத்து எங்கே என்று நான் தேடினேன். "நெகத்தால தடவுங்க தம்பி, கண்ணால தெரியாது" என்றார்.

முன்பக்கத்து வலைத்துணிக்கு ஒரு சோதனை இருக்கிறது. வாயருகே வைத்து ஊத வேண்டும். மூச்சு தடையில்லாமல் போனால் ஓசையும் போகும். திருகோணமலை வீதியில் மாமா துணிக்கடைகளில் ஏறி ஊதிப் பார்த்த காட்சியைக் கடைப் பையன்கள் நெடுநாள் மறக்க மாட்டார்கள். ஒன்றைப் பிடித்து, சட்டத்தில் இழுத்துப் பின்பக்கம் ஆணி அடித்தோம்.

அப்படியானால் இந்தப் பொக்ஸுக்கு எப்போதும் இருந்த அந்தப் பிரசித்தமான கரகரப்பு? ஊரே ஸ்பீக்கரைத்தான் குற்றம் சொன்னது. குற்றவாளி தேயிலைப் பெட்டிப் பலகை. ஸ்பீக்கர் முன்னால் தள்ளுகிற அளவு காற்றைப் பின்னாலும் தள்ளுகிறது. மூடிய பெட்டியில் அந்த அடி எல்லாப் பலகைக்கும் விழும், தாங்காதது பின்பலகைதான். மெல்லிய பலகை தானே ஒரு தப்பாக மாறி அதிர்ந்திருக்கிறது. உள்ளே குறுக்காக ஒரு ரீப்பரைப் பசை போட்டு முடுக்கினோம், விளிம்பில் பழைய கம்பளியைப் பட்டையாக வெட்டி வைத்தோம். கரகரப்பு போய்விட்டது. முத்திரை மறையாதபடி ரீப்பரை நாலு விரல் தள்ளி வைக்கச் சொன்னது மாமா.

கடைசியாக வயர். எட்டு ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்தால் நாலு ஓம், வரிசையாக இணைத்தால் பதினாறு. வால்வு ஆம்ப் கேட்கிற அளவைத்தான் கொடுக்க வேண்டும். அதெல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் டோர்ச் பெட்டரி ஒன்றை முனைகளில் தொட்டபோது ஒரு கூம்பு வெளியே எழும்பியது, மற்றது உள்ளே போனது. இரண்டும் ஒன்றாக வெளியே வர வேண்டும். ஒன்று தள்ள ஒன்று இழுத்தால் காற்று ஒன்றையொன்று தின்றுவிடும், கீழ்ச்சுருதி காணாமல் போகும். ஐம்பது வருஷமாக இந்தப் பெட்டி அப்படித்தான் பாடியிருக்கிறது. பேஸ் கிட்டாரும் இதே பெட்டிக்குள்தான் போனதாம். பேஸ் கேட்கவில்லை என்று கலியாண வீட்டுக்குக் கலியாண வீடு வாங்கிக்கட்டிக்கொண்டவர், அதை வாசித்த பாவி மனிதர். அந்தச் சண்டையில்தான் குழுவே உடைந்தது.

அவர் இப்போது கனடாவில். மாமா அன்றிரவே வட்ஸ்அப்பில் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நானும் நானாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"மச்சான், வயர் மாறித்தான் இருந்திருக்கு" என்று தொடங்கினார் மாமா. அந்தப் பக்கம் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். மாமாவின் முகம் சிவந்தது.

"அதெல்லாம் சரி. ஆனா நீ தாளம் பிந்தி வாசிச்சது வயரால இல்ல!"