தந்தையரும் கற்க வேண்டும்

செட்டிநாட்டில் அமராவதிபுதூர் போன்ற ஊர்களிலிருந்து ஒரு காலத்தில் தனவணிக ஆடவர் கொண்டுவிற்கப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்று, மூன்றாண்டுத் தவணை முடிந்தே வீடு திரும்பினர். கணவர் அருகிலின்றியே மனைவியர் மகவீன்றதுண்டு. எனினும், தேற்றவும் காக்கவும் வீடு நிறைய மூதாட்டியர் இருந்தனர். இன்று அப்பெரிய வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. இளந்தம்பதிகள் அயலூர்களில் தனித்து வாழ்கின்றனர். மூதாட்டியர் செய்த பணியை இனி யார் செய்வது?

சர்க்கார் வாளாவிருக்கவில்லை. 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தால் ஏழைத் தாய்மார்க்கு இன்று ரூ. 18,000 பெறுமான உதவி கிடைக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வருகின்றனர். சமுதாய வளைகாப்பும் நடைபெறுகிறது. ஆயினும் அங்கெல்லாம் கூறப்படும் புத்திமதி பெண்ணின் செவிக்கே. கணவன் வாயிற்படியோடு நின்று விடுகிறான். 2017-இல் தாய்மார்க்கு 26 வார விடுமுறை வழங்கிய மகப்பேறு நலத் திருத்தச் சட்டமும் தந்தைக்கு ஒரு நாளேனும் அளிக்கவில்லை.

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. சேனையும் சர்க்கரைத் தண்ணீரும் ஆகா. இதைத் தாய் மட்டும் அறிந்து பயனென்ன? மறுத்துரைக்கும் பெரியோர்க்கு விடை கூற வேண்டியவன் கணவனன்றோ? உதிரப்போக்கு, முகவீக்கம், சிசுவின் அசைவு குறைதல் ஆகிய அபாயக் குறிகளைக் கண்டவுடன் 108 வண்டியை அழைக்க வேண்டியவனும் அவனே. பிரசவித்தவள் காரணமின்றி அழுது சோர்வதை நோயென உணர்ந்து வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டியவனும் அவனே.

ஆகவே, ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாதம் ஒரு மாலை தந்தையர்க்கு வகுப்பு நடத்துதல் அவசியம். மேடைகளில் பெண்ணுயர்வு பேசும் நண்பர்கள் அவ்வகுப்பில் முதல் வரிசையில் அமர்வார்களாக!