சோளத்தை முதலில் சுடுவோம்

பெருநாள் விடுமுறை நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளிலும் மொட்டைமாடியில் கரி அடுப்பு மூட்டும் வழக்கம் நம் குடும்பங்களில் பரவி வருகின்றது. ஒரு காலத்தில் கடற்கரைத் தள்ளுவண்டியில் மட்டுமே கண்ட சுட்ட சோளக்கதிர் இன்று மசாலா தடவிய கோழிக்குத் துணையாக நம் வீட்டு அடுப்பிலேயே வாட்டப்படுகின்றது. இதில் குறை காண ஏதுமில்லை. கைப்பேசிகளை வைத்துவிட்டு, பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே நெருப்பைச் சுற்றி அமர்வது இக்காலத்தில் அல்லாஹ் தந்த நிஃமத் என்றே சொல்லலாம். ஆயினும் அந்த அடுப்பில் எது முதலில் ஏறுகின்றது என்பது பற்றி நம் மக்களிடம் ஒரு வார்த்தை பேச வேண்டியுள்ளது.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்லிவிடுகின்றோம். அஸருக்குப் பின் அடுப்பு மூட்டினோம். முதலில் கோழி, பிறகு கறித்துண்டுகள், கரி தணிந்து வரும்போது கடைசியாகச் சோளம். நல்ல மணம். மேல் தளத்தில் சைவ உணவு மட்டுமே உண்ணும் முதிய தம்பதியர் குடியிருக்கின்றனர். புகை அவர்கள் பக்கமே போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்குக் கறி கொடுக்க இயலாது, சோளமாவது கொடுப்போம் என்று இரண்டு கதிர்களை வாழையிலையில் மூடிப் பத்து வயது மகனிடம் கொடுத்தனுப்பினோம். அந்த அம்மையார் புன்னகையோடு வாங்கிக்கொண்டு, “கறி சுட்ட கம்பியிலேயா கண்ணு சுட்டீங்க?” என்று கேட்டிருக்கிறார். அவனும், “ஆமா பாட்டி, அதே கம்பிதான்” என்று சொல்லியிருக்கிறான். “அனுப்பின மனசே போதும், நீங்க சாப்பிடுங்க” என்று தலையைத் தடவித் திருப்பி அனுப்பிவிட்டார்.

தட்டோடு திரும்பி வந்த பிள்ளையிடம் எங்கள் வாயிலிருந்து முதலில் வந்த சொல் எது தெரியுமா? “இதையெல்லாம் எதுக்குப்பா சொன்னே?” என்பதுதான். உண்மை பேசுவதன் சிறப்பை மத்ரஸாவில் ஆண்டுதோறும் பாடமாக நடத்துகின்ற நாவு, வீட்டு மாடியில் உண்மை பேசிய பிள்ளையைக் கடிந்துகொண்டது. அன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின்னரும் அந்தச் சொல் நெஞ்சை விட்டு அகலவில்லை.

நாம் வெளியூர் செல்லும்போது என்ன செய்கின்றோம் என்று எண்ணிப் பாருங்கள். உணவகத்தில் அமர்ந்ததும், “அறுத்தது யார்? பன்றி இறைச்சி சமைக்கிறீர்களா? தனிச் சட்டியா, தனி எண்ணெயா?” என்று பணியாளரை விசாரிக்கின்றோம். சிங்கப்பூரில் கடலோரப் பூங்காவின் பொது அடுப்புகளை வாடகைக்கு எடுக்கும் நம் உறவினர்கள், முன்பு வந்தவர்கள் அதில் எதைச் சுட்டார்களோ என்று அஞ்சிக் கம்பித் தட்டைக் கையோடு கொண்டு போகின்றனர். ஷாஃபிஈ மத்ஹபில் பன்றியின் அசுத்தம் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அவற்றில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். நம் கேள்விக்கு அந்தப் பணியாளர் பொய் சொல்லிவிட்டால் நமக்கு எவ்வளவு வேதனை! அதே கேள்வியைத்தான் அந்த அம்மையார் எங்கள் மகனிடம் கேட்டார். நம் கேள்விக்குப் பேணுதல் என்று பெயர் சூட்டுகின்ற நாம், பிறருடைய கேள்விக்கு மட்டும் முகம் சுளிப்பது எந்த நீதி?

“கறி ஹலால்தானே, அதில் நஜீஸ் ஏதும் இல்லையே” என்று சிலர் வாதிடுவர். நமக்கு இல்லை, உண்மைதான். ஆனால் இங்கு உள்ள கேள்வி நஜீஸைப் பற்றியதன்று, அமானிதத்தைப் பற்றியது. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஓர் உணவுக் குவியலைக் கடந்து சென்றபோது அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. நனைந்த தானியம் ஹராமான பொருள் அன்று. அதை மறைத்ததுதான் குற்றமாயிற்று. கோழிக் கொழுப்பு படிந்த கம்பியில் சுட்ட சோளத்தைச் சைவம் என்று எண்ணி ஒருவர் வாங்கிக்கொள்ளும்போது நாம் வாய்மூடி இருந்தால், அந்த ஈரம் நம் இலைக்கு அடியிலும் இருக்கின்றது.

இன்னொரு சாரார், “எதற்கு வம்பு? கொடுக்காமலே இருந்துவிடலாமே” என்பர். அதுவும் சரியன்று. குழம்பு வைத்தால் நீரைச் சற்று அதிகமாக்கி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். சட்டியின் மணத்தால் அண்டை வீட்டாரை வருத்தக்கூடாது என்று வரும் செய்தியைச் சிலர் மேடைகளில் எடுத்துரைப்பதுண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது. முஸ்லிமில் பதிவான குழம்பு ஹதீஸே நமக்குப் போதுமானது. அண்டை வீட்டார் எனும்போது முஸ்லிம் மட்டும்தானா என்ற ஐயத்திற்கும் இடமில்லை. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்ப விசாரித்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இடம்பெற்றுள்ளது.

ஆகவே எங்கள் வீட்டில் ஒரு முறையை மாற்றினோம். சோளம் முதலில், கறி பிறகு. நன்கு தேய்த்துக் கழுவிய கம்பித் தட்டு, புதுக் கரி. சோளத்திற்கென்றே வேறு இடுக்கி, வேறு தட்டு. கோழிக்கு மசாலா தடவிய தூரிகை சோளத்தின் பக்கமே வரக்கூடாது, இதில்தான் அவசரத்தில் தவறிவிடுவோம். கறிக்குத் தனிக் கம்பித் தட்டு வாங்கிவிட்டால் இன்னும் நிம்மதி. அவ்வளவு பெரிய செலவும் இல்லை.

இவ்வாறு செய்ததில் சோளமும் முன்பைவிட நன்றாக வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கறியின் கொழுப்பு கரியில் சொட்டினால் தீ குபீரென்று எழும், கரும்புகை கதிரில் ஒட்டிக் கசக்கும். அந்தத் தொல்லை இப்போது இல்லை. கரி முழுவதும் பிடித்து மேலே வெண்சாம்பல் படரும் வரை பொறுத்திருக்க வேண்டும். தோலுரித்த கதிரை அடிக்கடி திருப்பினால் பத்து நிமிடத்தில் ஆங்காங்கே கருத்துப் பதமாகிவிடும். தோலோடு சுடுவதாயின் உள்ளிருக்கும் நாரை மட்டும் நீக்கி, தோலை மீண்டும் மூடி, கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து வாட்டலாம். இருபது நிமிடம் வரை ஆகும். ஆனால் முத்துகள் ஆவியில் வெந்து மெதுவாக இருக்கும். கறி வேகும் வரை சூடும் ஆறாது. பறித்த நேரம் முதல் இனிப்பு குறைந்து மாவாகிக்கொண்டே போகும் பண்டம் இது. சுடுகின்ற நாளிலேயே, தோல் பச்சையாக இருக்கும் கதிராகப் பார்த்து வாங்குவது நல்லது. நகத்தால் ஒரு முத்தைக் கீறினால் பால் வர வேண்டும். கடைசியில் எலுமிச்சை மூடியை உப்பிலும் மிளகாய்த்தூளிலும் தோய்த்துத் தேய்த்துவிட்டால் முடிந்தது.

இங்கே ஒரு சிறு செய்தி, மத்ரஸாப் பிள்ளைகளுக்காக. மக்காச்சோளம் என்ற பெயரைக் கண்டு இது புனித மக்காவிலிருந்து வந்தது என்று சிலர் பெருமையோடு கூறுவர். இப்பயிரின் தாயகம் மெக்சிகோ. ஃபிக்ஹ் நூல்களில் ஸகாத் பாடத்தில் வரும் ‘துரா’ என்ற சொல்லும் நம் முன்னோர் கஞ்சி காய்ச்சிய வெள்ளைச் சோளத்தையே குறிக்கும். இன்றைய அரபியில் அதே சொல் மக்காச்சோளத்திற்கு ஆகிவிட்டது. தமிழிலும் சோளம் என்றால் பிள்ளைகளுக்கு இன்று மஞ்சள் கதிர்தானே நினைவுக்கு வருகின்றது!

இந்த ஆண்டு மீண்டும் அடுப்பு மூட்டியபோது, முதல் கதிர்கள் இரண்டையும் அதே மகனிடம் கொடுத்தோம். போன தடவை அவனைக் கடிந்துகொண்டதற்கு வருத்தம் தெரிவித்து, கேட்டாலும் கேட்காவிட்டாலும் உள்ளதைச் சொல்லிவிட்டுக் கொடு என்றோம். “பாட்டி, கறி இன்னும் அடுப்புலயே வைக்கல. கம்பியும் கழுவிட்டோம்” என்று அவன் ஒப்பித்தது கீழே எங்கள் காதிலும் விழுந்தது. அம்மையார் வாங்கிக்கொண்டார். சற்று நேரத்தில் படி வரை வந்து, பல் இல்லாததால் இருவராலும் கதிரைக் கடிக்க முடியவில்லை என்று சிரித்தார். இப்போதெல்லாம் அவர்கள் பங்கை மட்டும் கத்தியால் முத்து முத்தாகச் சீவி, மிளகாய் சேர்க்காமல், கிண்ணத்தில் போட்டு அனுப்புகின்றோம்.