முதல் புரோகிராமிங் மொழி சி ஆகத்தான் இருக்க வேண்டுமா?

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்தவுடன், பிள்ளைகள் எந்த புரோகிராமிங் மொழியில் தொடங்கலாம் என்று பலரும் கேட்கின்றனர். பயிற்சி மையங்களில் சி, ஜாவா, பைத்தான் என்பார்கள். என்னைக் கேட்டால் ஹாஸ்கல் என்பேன். இது பங்க்ஷன்களை மட்டுமே கொண்டு எழுதும் மொழி. சிறுசேரியில் உள்ள சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்டில் புதிய மாணவர்களுக்கே இதைக் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

இதில் பயமுறுத்தும் பெயர்கள் இரண்டு. முதலாவது லெக்ஸிகல் ஸ்கோப்பிங். ஆதிச்சநல்லூரிலிருந்து "ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது" என்று ஒருவர் கடிதம் எழுதுகிறார். அதைச் சென்னையில் படித்தாலும் அந்த ஆறு தாமிரபரணிதான், கூவம் ஆகிவிடாது. அதுபோல, ஒரு பங்க்ஷனில் வரும் பெயருக்கு, அது எழுதப்பட்ட இடத்தில் என்ன பொருளோ அதுவே எப்போதும் பொருள். பழைய லிஸ்ப் மொழிகளில் அழைக்கும் இடத்திற்கேற்ப இது மாறி, பெரும் குழப்பம் தந்தது. 1975ல் வந்த ஸ்கீம் இதைச் சரி செய்தது. பைத்தான், ஜாவா ஸ்கிரிப்ட் ஆகியவையும் இதே வழியில்தான் செல்கின்றன. எனவே கற்றது வீணாகாது.

இரண்டாவது லேஸி எவாலுவேஷன். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டனர். ஹாஸ்கலும் கணக்கை மூடிய சிப்பியாகவே வைத்திருக்கும். விடை தேவைப்படும்போதுதான் திறக்கும். அதனால் 1 முதல் முடிவே இல்லாத எண் பட்டியலைக்கூடத் தரலாம். முதல் பத்து எண்களைக் கேட்டால் பத்தோடு நின்றுவிடும். எக்ஸெல்லில் இஃப் பயன்படுத்தியவர்களுக்கு இதில் கொஞ்சம் பழக்கம் உண்டு. பூஜ்யமா என்று முதலில் சோதித்துவிட்டால், அங்கே வகுத்தல் நடப்பதே இல்லை. பிழைச் செய்தியும் வராது.

குறை இல்லாமல் இல்லை. திறக்காத சிப்பிகள் குவிந்தால் மெமரி நிறைந்துவிடும். தவறு செய்தது ஓரிடம், அது வெளிப்படுவது வேறிடம் என்றும் ஆகும். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சிறிய புரோகிராம்களில் இந்தத் தொல்லை அரிது.

ஹாஸ்கல் தெரிந்தால் வேலை கிடைக்குமா? இந்த மொழிக்கென்று உள்ள வேலைகள் குறைவுதான். ஆனால் பிளஸ் ஒன் படிக்கும் பெண்ணுக்கு அடுத்த மாதமே வேலை வேண்டியதில்லையே!

ஜிஎச்சி என்னும் கம்பைலரை இணையத்திலிருந்து இலவசமாக டவுன்லோட் செய்திடலாம். என்பிடெல் தளத்தில் இதற்கான வீடியோ பாடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மாதம் பார்க்கட்டும். பயிற்சி மையத்தில் பணம் கட்டுவதை அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.