நோட்டீஸ், வம்பு, வழக்கு

மாயவரத்தில் (1982-ல் மயிலாடுதுறை ஆகிவிட்டது, என் நாக்குக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை) சில மாதங்களுக்கு முன் ஒரு பாகவதர் நினைவுக் கூட்டம். எம். கே. தியாகராஜ பாகவதர் 1910-ல் இந்த ஊரில் பிறந்தவர் என்ற பாத்தியதை எங்களுக்கு உண்டு. ஐந்து பேர் பேசினார்கள். தங்கத் தட்டு, பட்டு ஜிப்பா, அத்தர், பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்', பிறகு கொலை வழக்கு, ஜெயில், சரிவு, 1959-ல் மரணம். அவர் ஒரு நாடகமேடை நடிகர், சினிமாவுக்கு முன் ஊர் ஊராய் வேஷங்கட்டியவர், 1934-ல் படமாக வந்த 'பவளக்கொடி'யே மேடையிலிருந்து போனதுதான் என்பது எதுவும் யார் பேச்சிலும் வரவில்லை. கடைசியில் எழுந்து கேட்டேன்: அர்ச்சுனன் வேஷத்தில் அவர் மேடையில் எப்படி நின்றார், எப்படி நடந்தார், இதைப் பற்றி யாராவது எங்காவது எழுதியிருக்கிறார்களா? தலைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவரு பாட்டுக்குத்தான் சார் ஜனம் வந்துது" என்றார். கைதட்டல்.

தமிழ் நாடகத்தைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகை எழுதியதன் மொத்த சரித்திரமும் அந்தப் பதிலுக்குள் அடக்கம்.

மேடைக் கலை காற்றோடு போவது, அதை எழுத்தில் பிடிக்க முடியாது என்று நம்மவர்களுக்கு ஒரு சமாதானம் உண்டு. சோம்பேறியின் சமாதானம். 1814 ஜனவரி 26 இரவு லண்டன் ட்ரூரி லேன் மேடையில் எட்மண்ட் கீன் என்ற பெயர் தெரியாத ஒரு குள்ள மனிதன் ஷைலக்காக வந்தான். வழக்கமான சிவப்புப் பொய்முடி இல்லை, கருப்பு. சபையில் கூட்டமும் அதிகமில்லை. ஆனால் அங்கே 'மார்னிங் கிரானிக்க'லுக்காக ஹாஸ்லிட் உட்கார்ந்திருந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அவர் எழுதியவை 1818-ல் புத்தகமாயின. மூன்றாம் ரிச்சர்டின் சாவில், வாள் பறிபோன பிறகும் கீன் கைகளை நீட்டியபடியே நின்றான் என்பதும், அந்த வெறுங்கையில் என்ன இருந்தது என்பதும் அதில் இருக்கின்றன. கீன் 1833-ல் செத்துப்போனான். இருநூறு வருஷம் கழித்து, இங்கிலாந்தை மிதித்திராத நான், காவேரிக் கரையில் உட்கார்ந்து அவன் கையைப் பார்க்கிறேன். கிட்டப்பா 1933-ல் இறந்தார். கீனுக்குச் சரியாக நூறு வருஷம் பின்னால். அவருடைய கை எங்கே?

லண்டன் பத்திரிகைகள் ஏதோ சரஸ்வதி பீடம் என்று சொல்ல வரவில்லை. நாடகக் கம்பெனி முதலாளியின் சாப்பாட்டையும் ஓசி டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டு புகழ்ந்து எழுதுவதுதான் அங்கே சம்பிரதாயமாக இருந்தது. 1805-ல் லீ ஹன்ட், இருபது வயதுப் பையன், அண்ணன் நடத்திய 'நியூஸ்' பத்திரிகையில், ஓசி டிக்கெட் வேண்டாம், நடிகர் சகவாசமும் வேண்டாம் என்று எழுத வந்தது அதனால்தான் செய்தியாயிற்று. வம்புக்கும் பஞ்சமில்லை. 1825-ல் கீன் பிறன்மனை வழக்கில் மாட்டி 800 பவுன் கட்டியபோது, 'டைம்ஸ்' தர்மாவேசத்தோடு அவன்மேல் பாய்ந்தது. ஜனங்கள் மேடையில் அவன் குரலே கேட்காதபடி ஊளையிட்டார்கள். அப்புறம் பார்னர்ட் கிரிகரி. 1831 முதல் 'ஸாடிரிஸ்ட்' என்ற பத்திரிகை. பெரிய மனிதர்களின் அந்தரங்கத்தை அச்சுக்கோத்து, போடாமல் இருப்பதற்குப் பணம் கேட்பது தொழில். இந்த ஆசாமிக்கு நடிப்பு ஆசை வேறு. 1843-ல் கவென்ட் கார்டனில் ஹாம்லெட்டாக வந்து நின்றார். சபை அவரை நடிக்கவே விடவில்லை. நம்மூரில் இப்படி ஒரு சந்தர்ப்பம் வாய்க்காமல் போயிற்றே என்று எனக்கு அவ்வப்போது வருத்தம் வரும்.

அங்கே வம்பும் இருந்தது, பார்வையும் இருந்தது. வம்பு மக்கிப்போயிற்று, பார்வை நின்றது. இங்கே மக்காமல் நின்றது எது?

1943-ல் லக்ஷ்மிகாந்தன் 'சினிமா தூது' நடத்தினார். நடிகர் நடிகைகளின் படுக்கையறைதான் அதன் கலைப்பகுதி. பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னரிடம் மனுக் கொடுத்து அதை நிறுத்த வைத்தார்கள். 'இந்துநேசன்' வந்தது. 1944 நவம்பரில் வேப்பேரியில் லக்ஷ்மிகாந்தனுக்குக் கத்திக்குத்து, மறுநாள் சாவு. 1945-ல் பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் ஐகோர்ட் விடுவித்தது. இதில் நான் சொல்ல வருவது குற்றமா நிரபராதமா என்பதல்ல. பாகவதர் என்ற மனிதரைப் பற்றி நாள், நேரம், இடம், யார் பக்கத்தில் இருந்தார் என்று துல்லியமாகத் தமிழன் படித்தது அந்த வழக்கு விசாரணையில்தான். அந்தத் துல்லியத்தில் பத்தில் ஒரு பங்கை எவனும் அவருடைய மேடைக்குக் கொடுக்கவில்லை. எஸ். எஸ். விசுவநாத தாஸ் கதையும் இதே ஜாதி. தேசியப் பாட்டுப் பாடியதற்காகப் பலமுறை கைதானவர். 1940 கடைசி இரவு சென்னையில் முருகன் வேஷத்தில் மயில்மேல் இருந்தபடியே உயிர்விட்டவர். அவர் வாயைப் போலீஸ் கவனித்தது. விமர்சகன் கவனிக்கவில்லை.

வம்பு ஒரு பக்கம், நோட்டீஸ் மறுபக்கம். ஸ்பெஷல் நாடகத்தின் ஒரே பத்திரிகை மஞ்சளிலும் ரோஸிலும் வந்த நோட்டீஸ்தான். ராஜபார்ட் இன்னார், ஸ்திரீபார்ட் இன்னார், பபூன் இன்னார், ஆர்மோனியம் இன்னார், பெயருக்கு முன்னால் இரண்டு வரி விருது. இந்த நாடகத்தின் அமைப்பை யோசித்துப் பார்க்க வேண்டும். நடிகர்கள் வெவ்வேறு ஊரிலிருந்து தனித்தனியாக அமர்த்தப்படுகிறவர்கள். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்கு ஒருவரையொருவர் மேடையிலேயே சந்திக்கிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு எல்லாருக்கும் பாடம். பாட்டுப் புத்தகமும் சந்தையில் கிடைத்தது. ஆனால் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம்? அது அன்றைக்கு, அந்த இருவருக்குள், அந்தச் சபை முன் பிறந்து விடியலில் செத்துப்போவது. அச்சில் வராத பாதிதான் நாடகம். ஆக, பார்த்தவன் எழுதியிருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. பார்த்தவன் எழுதவில்லை. பம்மல் சம்பந்த முதலியாரும் டி. கே. சண்முகமும் தங்கள் நாடக வாழ்க்கையை எழுதி வைத்தார்கள். புண்ணியவான்கள். ஆனால் அது மேடைமேல் நின்றவனின் கணக்கு. பாயில் உட்கார்ந்து பார்த்தவனின் வேலையையும் நடிகன் தலையிலேயே கட்டிவிட்டோம்.

கல்கியைத் திட்டுவது சிறுபத்திரிகைக்காரனின் காலைக்கடன் என்பதால் இந்த இடத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. அவரும் இந்தப் பக்கத்துப் பிள்ளை. மணல்மேட்டுப் பக்கம் புத்தமங்கலம். ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் அவர் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதிதான் கச்சேரியையும் நாடகத்தையும் பற்றிப் படிக்கலாம் என்ற பழக்கத்தையே தமிழ் வாசகனுக்குக் கொடுத்தது. சங்கீதத்தில் அவருக்குக் காது இருந்தது. 1935-ல் 'பக்த நந்தனார்' படம். கே. பி. சுந்தராம்பாள் ஒரு லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு ஆண் வேஷத்தில் நந்தனாராக வந்தது. ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன், ஆகவே எங்கள் ஊர்ச் சொத்து. கல்கி அதைக் கிழித்துப் போட்டார். படத்தில் பனைமரமும் எருமையும்தான் நன்றாக நடித்தன என்ற கிண்டல் இன்றைக்கும் ஜனங்கள் வாயில் இருக்கிறது. இருப்பது அது ஒன்றுதான். பறையன் வேஷத்தில், ஆணாக, வெள்ளைச் சேலை உடுத்திய ஒரு இளம் விதவை காமிராவுக்கு முன் நின்றபோது அந்த உடம்புக்கு என்ன நேர்ந்தது, மேடையில் ராஜபார்ட் கட்டிய பழக்கம் அதில் எங்கே உதவிற்று, எங்கே காலை வாரிற்று? எருமை ஜோக் இதையெல்லாம் மேய்ந்துவிட்டது. கல்கியிடம் உழைப்பாவது இருந்தது. அவருக்குப் பின் வந்த வாரப் பத்திரிகைக்காரர்கள் உழைப்பைக் கழித்துவிட்டு ஜோக்கை மட்டும் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். "நடிப்பு அபாரம்", "இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம்". இது விமர்சனமாம்.

நாம்? அயனெஸ்கோவையும் பெக்கெட்டையும் மொழிபெயர்த்தோம். க்ரோடோவ்ஸ்கியின் நடிகன் வயிற்றிலிருந்து மூச்சு விடுவது பற்றிச் சண்டை போட்டுக்கொண்டோம். வைத்தீஸ்வரன்கோயில் பக்கம் விடிய விடிய நடந்த வள்ளி திருமணத்துக்குப் போக நமக்குச் சங்கோஜம். விதிவிலக்கு ஒருவர், அவரும் இந்த மண்தான்: புஞ்சை ந. முத்துசாமி. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைப் பார்த்துவிட்டு, பார்த்ததை எழுதினார். 'அன்று பூட்டிய வண்டி' 1982-ல் புத்தகமாக வந்தது. அதைச் சாதித்தது அவருடைய கண், கொள்கை அல்ல. அவர் கூத்தை எடுத்துக்கொண்டார். ஸ்பெஷல் நாடகம் அனாதையாகவே கிடந்தது. பபூனும் டான்ஸ்காரியும் மேடையின் எந்த மூலையில் நின்றால் என்ன அர்த்தம், நடிகை ஏன் யாரைப் பார்த்துப் பேசுகிறாள் என்றெல்லாம் உட்கார்ந்து கவனித்து, 2005-ல் புத்தகம் போட்டவர் சூசன் ஸைஸர் என்ற அமெரிக்கப் பெண்மணி. நம் வீட்டுக் கொல்லையை நமக்கு அவர் ஆங்கிலத்தில் காட்டுகிறார். இது பற்றி யாருக்கும் கூச்சம் இருப்பதாகத் தெரியவில்லை.

எனக்கு இருக்கிறது. ஆகையால் என் கடனைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது வருஷத்துக்கு முன் குத்தாலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பங்குனி இரவு ஒன்றில் வள்ளி திருமணம் பார்த்தேன். வேலன் வேஷக்காரருக்கு வயது ஐம்பதுக்கு மேல், தொந்தி. வள்ளி அவரைத் தர்க்கத்தில் மடக்கிவிட்டாள், சபை சிரித்தது, அவரிடம் பதில் இல்லை. அவர் ஆர்மோனியக்காரரைப் பார்க்கவில்லை, பாட்டுக்குத் தாவவில்லை. கையிலிருந்த வேலை மெதுவாகத் தரையில் சாய்த்து வைத்தார். பிறகு, வேல் இன்னும் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டவர் மாதிரி, விரல்களை மூடி, அந்த வெறுங்கையைத் தோளுக்குக் கொண்டுபோனார். சபை அடங்கிவிட்டது. ஊர் திரும்பி நான் க்ரோடோவ்ஸ்கி பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அவர் பெயர் நோட்டீஸில் இருந்தது, நோட்டீஸை வைத்துக்கொள்ளவில்லை. வலது கையா இடது கையா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை.