விளக்கு அணையுமுன்

விழாக் காலத்திற் பழம்பெருமை பேசுதல் மரபு. கட்டடம் எழுப்பியோரையும் ஆய்கூடம் அமைத்தோரையும் போற்றுதல் நம் கடனே. எனினும், கல்லூரிக்குக் கணினிகளை அன்பளிப்புச் செய்யும் பழைய மாணவராகிய நாம், அவற்றிற் பதிந்துள்ளவற்றைக் காக்கும் வழியை எண்ணினோமா என இம்மலரிற் கேட்க விரும்புகின்றேன்.

யான் பணியாற்றிய அலுவலகமொன்றில் நிகழ்ந்ததைக் கூறுவேன். ஐப்பசி மாதத்து மாலை, மலைமுகட்டில் இடி முழங்கிற்று, மின்சாரம் நின்றது. யூ.பி.எஸ். என நாம் அழைக்கும் மின்கலப் பெட்டி அங்கே இருக்கத்தான் செய்தது. அது கூவிக் கூவி எச்சரித்தது, அறையிலோ ஆளில்லை. சிறிது நேரத்தில் மின்கலம் ஓய்ந்தது, கணினியும் ஓய்ந்தது. ஈராண்டு உழைத்துத் தொகுத்த பெயர்ப் பதிவேடு மறுநாள் திறக்க மறுத்தது. பெட்டியோடு வந்த இணைப்புக் கம்பி, உறை பிரிக்கப்படாமலே மேசை இழுப்பறையில் உறங்கிக் கிடந்தது.

பிழை பெட்டியினுடையதன்று, எம்முடையதே. அத்தகைய சிறு மின்கலம் கணினியை நெடுநேரம் இயக்குதற்கு ஏற்பட்டதன்று. ஒழுங்காக நிறுத்துதற்கு வேண்டிய சில நிமிடங்களைத் தருவதற்கே ஏற்பட்டது. தற்காலிக நினைவகத்திலுள்ளவை மின்சாரம் நின்ற கணமே மறையும். வட்டில் எழுதப்படுவது பாதியில் நின்றாற் கோப்புச் சிதையக்கூடும். நம் மலைநாட்டார்க்கு இது புதிதன்று. நொதிக்க விட்ட கொழுந்தை உரிய வேளையில் உலர்த்தாவிடின் தேயிலை கெடுமன்றோ? தொடங்குதலிற் போலவே முடித்தலிலும் முறையுண்டு.

பரிகாரம் எளிது. யூ.எஸ்.பி. கம்பியால் இரண்டையும் இணைப்பின், மின்தடையையும் எஞ்சிய மின்கல அளவையும் பெட்டி கணினிக்கு அறிவிக்கும். விண்டோசின் மின்சக்தி அமைப்பிலே, குறித்த அளவுக்குக் கீழிறங்கியதும் தானே நிற்குமாறு கட்டளையிடலாம். லினக்சுக்கு ‘நட்’ எனும் இலவச மென்பொருள் உண்டு. ஒரு பெட்டியின் செய்தியை வலையமைப்பிலுள்ள பல கணினிகளுக்கும் அது கொண்டுசெல்லும். அவ்வாறாயின் வலையமைப்புக் கருவிக்கும் அப்பெட்டியிலிருந்தே மின்சாரம் செல்லல் வேண்டும். லேசர் அச்சுப்பொறியை மட்டும் அதில் இணைத்தலாகாது; அது மிகுந்த மின்சாரத்தை ஒரே வேளையில் இழுப்பது.

“மின்வெட்டுக் காலம் கடந்துவிட்டதே” என்பார் உளர். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் இருளிலிருந்தோம்; ஆயின் அவ்வெட்டுக்கு முன்னறிவித்தல் இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கினால் நாடு முழுவதும் மின்சாரமிழந்தபோது, எவர் முன்னறிவித்தார்? அறிவியாது வருவதே அஞ்சத்தக்கது.

ஆகவே என் கருத்து இது: கணினி வழங்குவோர் மின்கலப் பெட்டியையும், கம்பியையும், சில ஆண்டுகளுக்கொருமுறை மின்கலம் மாற்றுதற்கான பொருளையும் சேர்த்தே வழங்குக. தவணைதோறும் ஒரு நாள், திறந்த கோப்புகளைச் சேமித்தபின், மாணவர் ஆசிரியர் முன்னிலையிற் சுவர் ஆளியை நிறுத்திக் கணினி தானே ஒழுங்காக நிற்கின்றதா எனச் சோதிக்க. பதிவேடுகளின் பிரதியொன்றைப் பிறிதோரிடத்தில் வைக்க. பெட்டி எதுவும் பிரதிக்கு ஈடாகாது.

கல்லூரியின் பெயர்ப் பதிவேடுகளில் நம் ஒவ்வொருவரின் இளமையும் எழுதப்பட்டுள்ளது. அதனை ஓர் இடிமுழக்கத்துக்குப் பறிகொடுத்தல் தகுமோ? இழுப்பறையிற் கிடக்கும் கம்பியை இன்றே எடுப்போமாக.