தகரத்தில் தீட்டிய நன்றி

மெக்சிக்கோ நாட்டின் திருத்தலங்கள் பலவற்றில் நோட்டுப் புத்தக அளவேயான தகரத் தகடுகள் சுவர் நிறைய மாட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் எண்ணெய் வண்ணத்தால் தீட்டிய ஒரு படம். ஒன்றில் ஒருவன் குதிரையினின்று தலைகுப்புற விழுகிறான். மற்றொன்றில் நோயாளி கட்டிலில் கிடக்க, மனைவி மெழுகுதிரி ஏந்தி முழந்தாளிட்டிருக்கிறாள். மேல்மூலையில், மேகத்தின் நடுவே, தேவமாதாவோ புனிதரோ காட்சி தருவார். அடியில் சில வரிகள்: இன்ன ஊரினனாகிய நான், இன்ன தேதியில், இன்ன ஆபத்தில் அகப்பட்டு, இன்னாரை மன்றாடித் தப்பினேன், நன்றியாக இதை ஒப்புக்கொடுக்கிறேன்.

இவற்றுக்கு எக்ஸ்-வோட்டோ என்று பெயர். 'நேர்ச்சையின்படி' என்பது அவ்விலத்தீன் சொற்களின் பொருள். ஐரோப்பாவிலிருந்து சென்ற வழக்கந்தான். முதலில் வசதியுள்ளோர் துணியில் தீட்டுவித்துக் கொடுத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தகரம் மலிவானதும் ஏழைகளுக்கும் அது கைகூடிற்று. தீட்டியவர்கள் பெரும்பாலும் ஊர்ப்புறத்து ஓவியர்கள். நேர்ந்தவர் சொல்லச் சொல்லக் கேட்டு வரைவார்கள். பேச்சு வழக்கையே எழுத்துப் பிழைகளுடன் எழுதிவைப்பார்கள். குவானஹுவாத்தோ மாநிலத்து ஹெர்மெனெஹில்தோ புஸ்தோஸ் (1832-1907) ஐஸ் விற்றுப் பிழைத்துக்கொண்டே இத்தகைய படங்களைத் தீட்டியவர். இன்று அந்நாட்டின் சிறந்த ஓவியருள் ஒருவராக அவரை மதிக்கின்றனர்.

ஹாலிஸ்கோ மாநிலத்திலுள்ள சான் ஹுவான் தெ லோஸ் லாகோஸ் இவ்வழக்கத்திற்குப் பேர்போன தலம். 1623-இல் கழைக்கூத்தாடி ஒருவரின் சிறுமகள் கத்திமேல் விழுந்து இறந்தாள் என்றும், மாதாவின் சிறு சுரூபத்தை அவள்மேல் வைக்க உயிர்பெற்றாள் என்றும் அத்தலத்து மரபு கூறும்.

நம் வேளாங்கண்ணியிலும் நேர்ச்சைப் பொருள்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் வெள்ளிக் கண் யாருடைய கண் என்று சொல்லுவதில்லை. கொடுத்தவரும் சொல்ல விரும்புவதில்லை. மெக்சிக்கோ நாட்டு ஏழையோ தன் துன்பத்தையும் சில வேளை தன் வெட்கத்தையுங்கூட ஊரறியச் சுவரில் மாட்டுகிறான். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்கள் எல்லை ஆற்றில் மூழ்கியதையும் பாலைநிலத்தில் வழிதவறியதையும் வரைவித்துக் கொடுத்திருக்கிறார்கள். நமது அடக்கமான நன்றியைவிட இது நமக்குப் பிடித்திருக்கிறது.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. அச்சுவர்களில் பேசுவோர் கரையேறியவர்களே. அதே ஆற்றில், அதே மாதாவைக் கூவிக்கொண்டே மூழ்கியவனுக்குத் தகடு இல்லை. பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்த தாயிடம் இப்படங்களைக் காட்டிப் பிரசங்கம் செய்ய நமக்கு நா எழாது.

ஃப்ரீடா காலோ என்னும் ஓவியரை இங்கே நினைக்கிறோம். 1925-இல் அவர் சென்ற பேருந்தின்மீது டிராம் மோதி அவர் உடல் நொறுங்கியது. வளர்ந்தபின் அவர் கம்யூனிஸ்டு. விசுவாச வாழ்வை விட்டு விலகியவர். எனினும் நூற்றுக்கணக்கான நேர்ச்சைப் படங்களைச் சேர்த்துவைத்தார். அவற்றுள் ஒன்று, யாரோ ஒருவருக்கு நேர்ந்த அத்தகைய விபத்தையே காட்டிற்று. 1943-ஐ ஒட்டி அப்படத்தில் சில மாறுதல்கள் செய்து, தம் மகளைக் காப்பாற்றியதற்காகத் தம் பெற்றோர் வியாகுல மாதாவுக்கு நன்றி கூறுவதாக எழுதிக்கொண்டார். வலி மட்டும் தீரவில்லை. அறுவைச் சிகிச்சைகள் பல. 1954-இல் இறக்கும்வரை வேதனைதான். நம்பிக்கையை விட்டவர் எதற்காக அந்நன்றியை எழுதினார்? நாம் ஊகிக்க முயல மாட்டோம்.

மக்களின் கலையும் பக்தியும் சேர்ந்த நேர்ச்சைப் பொருள்களைத் திருத்தலத்திலோ அதன் அருகிலோ காட்சிக்கு வைத்துப் பத்திரமாகக் காக்க வேண்டுமென்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் (எண் 1234) பணிக்கிறது. பணித்தும் பயன் குறைவு. கோவில்களிலிருந்து களவுபோன தகடுகள் செல்வர் வீடுகளில் அலங்காரமாயின. அவ்வாறு இத்தாலியைச் சென்றடைந்த பல நூறு தகடுகள் 2021-இல் மெக்சிக்கோவுக்கே திருப்பி அளிக்கப்பட்டன.

தகரப் படங்கள் இப்போது அருகிவிட்டன. அவற்றின் இடத்தில் புகைப்படங்களும், மருத்துவமனைத் தாள்களும், கத்தரித்த கூந்தற் பின்னல்களும், கைப்பட எழுதிய கடிதங்களும் குவிகின்றன. கடிதங்களில் இன்னமும் எழுத்துப் பிழைகள் உண்டு.