கொல்லைக்கு சிமெண்ட் போடலாமா?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. நேத்து ராத்திரி ஒரு நண்பரோட போன்ல நடந்த வாக்குவாதம்தான் இந்தப் பதிவை எழுத வச்சது. அவரோட அப்பா ஊர்ல ரிட்டயர் ஆகி ரெண்டு மாசம் ஆகுதாம். "வீட்டைச் சுத்தி மொத்தமும் டைல்ஸ் போட்டுட்டேன் மாப்ள. புல்லு புடுங்க வேணாம், பூச்சி பொட்டு வராது. மனுஷன் நிம்மதியா ரெஸ்ட் எடுக்கலாம்"ன்னார். ரொம்பப் பெருமையா சொன்னார். நானும் 2023ல இதையேதான் பண்ணப் பார்த்தேன். அந்தக் கதையைச் சொல்லிடறேன், அப்புறம் நீங்களே திட்டுங்க.

எங்க வீடு மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். அப்பா தபால் துறை. சப் போஸ்ட் மாஸ்டரா இருந்து 2019ல ரிட்டயர் ஆனார். அதுக்கு சில மாசம் முன்னாடிதான், 2018 நவம்பர்ல, கஜா புயல் எங்க பக்கத்தையே புரட்டிப் போட்டிருந்தது. கொல்லையில தாத்தா வச்ச மாமரம், பலா, நாலு தென்னை எல்லாம் ஒரே ராத்திரியில போச்சு. ஒரு காக்கா உட்காரக் கூட கிளை கிடையாது. அப்பா ரிட்டயர் ஆன மறுநாள் மண்வெட்டியோட கொல்லையில இறங்கினவர்தான். முருங்கை, கொய்யா, சீத்தா, நெல்லி, வேலியோரம் செம்பருத்தி. முருங்கை ஒரே வருஷத்துல ஆளுயரத்தைத் தாண்டிருச்சு. பூ வந்ததும் தேன்சிட்டு வந்தது. கொய்யா காய்ச்சதும் அணில் வந்தது. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து சேர்ந்தாங்க. செம்போத்து, தையல்சிட்டு, விறகு அடுக்குக்குப் பின்னாடி ஒரு கீரிப்பிள்ளை.

மணியும் அப்படி வந்து சேர்ந்தவன்தான். தெருவுல திரிஞ்ச செவலைக் குட்டி. மழைக்கு ஒதுங்கி திண்ணையில படுத்தவனை அம்மா துரத்தலை, அவ்வளவுதான். தியடோர் பாஸ்கரன் நம்ம நாட்டு நாய் இனங்களைப் பத்தி 2017ல ஆங்கிலத்துல ஒரு புத்தகம் எழுதினார் இல்லையா, அவர் தமிழ்நாட்டோட தலைமை அஞ்சல் அதிகாரியா இருந்தவர். "எங்க டிபார்ட்மெண்ட்டுய்யா"ன்னு அப்பாவுக்கு அதுல ஒரு பெருமை. ராஜபாளையம், சிப்பிப்பாறைன்னு எந்தக் கணக்குலயும் மணி வரமாட்டான். அணிலைத் துரத்துறது அவனோட முழுநேர வேலை. இன்னிக்கு வரைக்கும் ஒண்ணைக்கூடப் பிடிச்சதில்லை.

ஒரு நாள் காலையில தவிட்டுக்குருவி கூட்டம் ஏழெட்டு ஒண்ணா சேர்ந்து காச்மூச்னு கத்துதுங்க. மணி துணி துவைக்கிற கல்லைப் பார்த்துக் குலைக்கிறான். அம்மா எட்டிப் பார்த்தா, கல்லுக்குக் கீழ ஒரு பாம்பு. ஆறடி இருக்கும். அம்மா போட்ட சத்தத்துல பாம்பு வேலி தாண்டி வயலுக்குள்ள போயிருச்சு. போட்டோ பெங்களூருக்கு வந்துருச்சு.

சாரைப்பாம்பு. விஷம் கிடையாது. எலிதான் அதோட முக்கியமான சாப்பாடு. இதெல்லாம் இப்ப எனக்குத் தெரியும். அன்னிக்கு ஒன்பதாவது மாடியில உக்காந்துகிட்டு அந்தப் போட்டோவைப் பார்த்தவனுக்குத் தெரியாது. உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன். "கொல்லை முழுக்க கான்கிரீட் போட்டுடலாம்ப்பா. நான் பணம் அனுப்பறேன்."

அப்பா நிதானமா கேட்டார். "பாம்பு போகணுமா, எலி போகணுமா?"

எனக்குக் கோவம் வந்துருச்சு. அறுபது தாண்டின ரெண்டு பேர், சுத்தி வயக்காடு, எனக்குத் தூக்கம் வருமா? இந்த இடத்துல உங்கள்ல பாதிப் பேர் எனக்குத் தலையாட்டுவீங்கன்னு தெரியும். நான் என்ன பண்ணினேன்னா, "ஒரு மாசம் இங்க வந்து இருங்க"ன்னு ரெண்டு பேரையும் பெங்களூருக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். மணியைப் பக்கத்து வீட்டு அத்தைகிட்ட விட்டாச்சு. இங்க இவங்க இருக்கும்போதே அங்க வேலையை முடிச்சுடலாம்னு கொத்தனாருக்கு 5000 ரூபாய் அட்வான்ஸும் கொடுத்துட்டேன். அப்பாகிட்ட சொல்லலை. சர்ப்ரைஸாம். இப்ப இதை டைப் பண்ணும்போதே கூசுது.

இங்க அப்பா பண்ணினது ஒண்ணே ஒண்ணுதான். பால்கனியில சேர் போட்டு உக்காந்தார். பால்கனிக்கு வலை அடிச்சிருக்கு. வலைக்கு அந்தாண்ட புறா. காலையில ஆறு மணிக்கு எழுந்து சட்டை போட்டு ரெடியாகி உக்காந்துடுவார், செய்ய எதுவும் இருக்காது. சாயங்காலமானா அத்தைக்குப் போன், "மணி சாப்பிட்டானா?" நாலாவது நாள்லேர்ந்து பதில் ஒரே மாதிரி. மோந்து பார்த்துட்டுப் போயிடுறானாம். நம்ம வீட்டு வாசல்லயேதான் படுத்திருக்கானாம்.

பதினோராவது நாள் அத்தையே கூப்பிட்டாங்க. "தட்டுல வச்சது வச்சபடி இருக்கு அண்ணே. அப்புறம் உங்க வாசல்ல ஜல்லி, மணல் இறக்கியிருக்காங்களே, என்ன வேலை நடக்குது?"

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசலை. அன்னிக்கு ராத்திரி பஸ்ஸுல ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க. மூணு வாரம் போன் அம்மா மட்டும்தான் எடுத்தாங்க.

அந்த மூணு வாரத்துல யோசிச்சதுதான் இந்தப் பதிவு. ரெஸ்ட், ரெஸ்ட்னு நாம சொல்றோமே, அது யாருக்கு வேணும்? வாரம் அஞ்சு நாள் ஆணி புடுங்குற எனக்கு வேணும். என் சனிக்கிழமையை இழுத்து நீட்டி அப்பாவோட மிச்ச வருஷம் முழுக்கப் போர்த்தி விடப் பார்த்திருக்கேன். முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல நேரத்துக்குப் பையைக் கட்டி, நேரத்துக்கு சீல் குத்தி அனுப்பின மனுஷன். அவருக்கு இன்னிக்கு ஆறு மணிக்கு ஆஜராக ஒரு இடம் இருக்குன்னா அது அந்தக் கொல்லை. அவர் வச்சது, அவர் கண்ணு முன்னாடி வளர்ந்தது. கான்கிரீட் போட்டா பாம்பு மட்டுமா போகும்? மண்புழு போகும், அதைத் தேடி வர்ற குருவி போகும், கிணத்துக்கு ஊறுற மழைத்தண்ணி போகும். மழைநீர் சேகரிப்புன்னு 2003ல அரசாங்கம் எல்லா வீட்டுலயும் கட்டாயமாக்கி குழி வெட்ட வச்சதே, இது அதுக்கு நேர் எதிர் வேலை. எலி மட்டும் எங்கயும் போகாது, சமையக்கட்டுக்குள்ள வந்துரும்.

பாம்புக்கு பயப்பட வேணாம்னு சொல்ல வரலை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நாலும் ஆளைக் கொல்லக்கூடியது. தமிழ்நாட்டுல 2024 நவம்பர்ல பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல்ல சேர்த்தாங்க, அந்த அளவுக்குச் சீரியஸான விஷயம். கட்டுவிரியன் ராத்திரியில வரும், தரையில படுத்தவங்களைக் கடிக்கும், கடிச்சது வலிக்கக் கூட வலிக்காது. எங்க அம்மா வருஷக்கணக்கா தரையில பாய் போட்டுத்தான் படுத்தாங்க. கொல்லையை மூடக் கிளம்பின எனக்கு அது கண்ணுல படலை பாருங்க. ஒரு கட்டிலும் கொசுவலையும் வாங்கிக் கொடுக்காம, எண்ணூறு சதுர அடிக்கு எஸ்டிமேட் போட்டேன். பக் ஒரு லைன்ல இருக்கும்போது மொத்த மாட்யூலையும் டெலீட் பண்ற கதை.

இன்னொண்ணையும் சொல்லணும். மேல எழுதினதைப் படிச்சா அப்பாதான் ஹீரோ மாதிரி இருக்கும். அம்மாகிட்ட ஒரு நாள் கேட்டேன், "உனக்கும் கொல்லை இப்படியே இருக்கட்டுமா?" அவங்க சொன்னது: "இதை ஒரு வருஷம் முன்னாடி கேட்டிருக்கலாம். உங்கப்பா குருவி பார்ப்பார். அந்த இலையெல்லாம் கூட்டுறது யாரு? நாய்க்கு சோறு வடிக்கிறது யாரு? அவர் ரிட்டயர் ஆயிட்டார், நான் எப்ப ஆவேன்?"

பதில் இல்லை என்கிட்ட. இயற்கை, குருவி, நாய்னு எழுதற எல்லாப் பதிவுலயும் (இதையும் சேர்த்துத்தான்) கூட்டுமாறு பிடிச்ச கை யாரோடதுன்னு யாரும் எழுதறதில்லை.

அம்மா கேட்டது கான்கிரீட் இல்லை. பின்கதவுலேர்ந்து துவைக்கிற கல்லு வரைக்கும் நடக்க ஒரு பாதை, ஒரு நல்ல லைட்டு, இலை கூட்ட அவங்க அல்லாத ஒரு ஆளு. இறக்கின ஜல்லியும் மணலும் வீணாகலை. மூணடி அகலத்துக்குப் பாதை போட்டாச்சு. விறகு அடுக்கை சுவத்துலேர்ந்து தள்ளி, தரையை விட்டு உயரத்துல அடுக்கியாச்சு. சுவத்து ஓட்டையெல்லாம் பூசியாச்சு. கூட்டுறது இப்ப அப்பா. சுமாராத்தான் கூட்டுறார்னு அம்மா தினமும் ரிப்போர்ட் கொடுக்கறாங்க. மணிக்கு வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி என் செலவு.

கேமரா கதையைச் சொல்லாம விட்டா பதிவு நிறையாது. பயம் போகாம கொல்லையில ஒரு சிசிடிவி மாட்டினேன். அசைஞ்சா என் போனுக்கு அலர்ட் வரும். முதல் ராத்திரியே நாப்பதுக்கு மேல அலர்ட். வாழை இலை ஆடினா அலர்ட், மணி புரண்டு படுத்தா அலர்ட். வெறுத்துப் போய் அதை அப்பா போனுக்கு மாத்தி விட்டேன். மறுநாள் காலையில ஆறரைக்குப் போன் பண்ணினார். அவரா எனக்குப் பண்ணின முதல் கால் அது, அந்த மூணு வாரத்துக்கப்புறம். "தம்பி, ராத்திரி ரெண்டே காலுக்கு ஒரு மரநாய் வந்திருக்குடா! சீத்தாப்பழத்தை யாரு திங்கறான்னு இப்பத்தான் தெரியுது."

2024 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப, தமிழ்நாட்டுல 2015லேர்ந்து நடக்கற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பைப் பத்தி சொன்னேன். பதினஞ்சு நிமிஷம் ஒரே இடத்துல நின்னு பார்த்த பறவையை எண்ணிப் பதிவு பண்ணணும். அப்பா பழைய கணக்கு நோட்டு ஒண்ணுல கோடு போட்டு, நேரம், பேர், எண்ணிக்கைன்னு மூணு கட்டம் கட்டி, சேர்ல உக்காந்தார். பதினஞ்சு நிமிஷத்துல பதினாறு வகை. அதுல ஒண்ணு எனக்குப் பேரே தெரியாது. அவரும் சொல்லிக் கொடுக்கலை. "நீயே கண்டுபிடி"ன்னுட்டார்.

இன்னிக்குக் காலையில பேசிட்டிருக்கும்போது பாதியில "இருடா, தவிட்டுக்குருவி கத்துது, என்னன்னு பார்த்துட்டு வரேன்"ன்னு போனை துவைக்கிற கல்லுல வச்சுட்டுப் போனார். பத்து நிமிஷம் மணி குலைக்கிறதை மட்டும் கேட்டுகிட்டு இருந்தேன். மீட்டிங்குக்கு லேட்டு.

டிஸ்கி: பாம்பு கடிச்சா கத்தியால கீறுறது, இறுக்கிக் கட்டுறது, வாயால உறிஞ்சுறது எதுவும் வேணாம். ஆளை நடக்க விடாம நேரா விஷமுறிவு மருந்து இருக்கற ஆஸ்பத்திரிக்கு. எங்க இருக்குன்னு இன்னிக்கே விசாரிச்சு, அப்பா அம்மா போன்ல நம்பரைப் போட்டு வைங்க.